கழுத்தில் கிடந்த சாவி

நம் லிஃப்ட்காரனைப் போன வாரம் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கும்போது அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சமாவது தூங்கினானா என்று விசாரித்து நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்கே தூங்கினான்? விடிவதற்கு முன்பே எழுந்து, சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு, பனியனில் பந்தய எண்ணைக் குத்தப் போய் ஊக்கை விரலில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. லிஃப்ட் பழுது பார்ப்பது இவன் தொழில். எவராவது எங்காவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இவன் போன் அடிக்கும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மகளின் பிறந்தநாளில் கேக் பாதி வெட்டியிருக்கும்போது ஓடினான். பள்ளி நாடகத்தில் அவள் மேடையேறும் நேரம் பார்த்து ஓடினான். டான்சில் ஆபரேஷனுக்கு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கையைப் பிடித்திருந்தவன், வெளியே கொண்டுவரும்போது இல்லை. கண் விழித்த பெண் முதலில் அப்பாவைத்தான் தேடினாள். அன்றோடு அவன் மனைவிக்கு என்னவோ விட்டுப்போயிற்று.

அவள் நர்ஸ். சண்டை போடவில்லை, கத்தவில்லை. துணிமணிகளை மடித்து எடுத்துக்கொண்டு மகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று ஒன்று சொன்னாள்.

"எனக்கு உங்க மேல கோபமே வரல. அதான் பயமா இருக்கு."

இப்போது வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும்.

ஓட்டப்பந்தய யோசனை மகளுடையது. இருந்த இடத்தில் இருக்க மாட்டாள், அதனால் எல்லோருக்கும் அவள் வாலு. பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்.

"இதுல ஓடும்போது போன் வந்தா என்ன பண்ணுவ?"

"ஓடும்போது யாரு போன் எடுத்துட்டுப் போவா?"

"அப்ப பாதியில கிளம்ப முடியாதுல்ல. நீ இதுல ஓடுப்பா."

"இருபத்தோரு கிலோமீட்டர்டா கண்ணு. அரை மாரத்தான்."

"அதுலயும் அரைதானா?"

பிள்ளை சிரித்துக்கொண்டேதான் கேட்டது. அவனுக்குத்தான் சுருக்கென்றது. மறுநாளே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். வேலை முடிந்து, அலுப்போடும் சீருடை நாற்றத்தோடும் ஊர்க்கோடி வரை ஓடிப் பழகினான். சும்மா சொல்லக்கூடாது, கால் இருந்தது. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் எல்லா மாடியும் ஏறுகிறவன் லிஃப்ட்காரன்தானே.

மனைவியிடம் சொன்னபோது, "முடிச்சுக் காட்டுங்க. வாலுவ நான் கூட்டிட்டு வரேன். அங்க வச்சுப் பேசிக்கலாம்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். முடித்துவிட்டால் போகாமல் இருந்துவிடுகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை. இவன்தான் அப்படிக் காதில் வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டான்.

முதல் நாளே ஏற்பாடெல்லாம் பண்ணியிருந்தான். கூட வேலை பார்க்கும் பையனிடம் கம்பெனி போனைக் கொடுத்தாயிற்று. அந்தப் பையன் பின்பாக்கெட்டில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர் செருகியிருப்பான், அதனால் அவன் பெயரே ஸ்பேனர் ஆகிவிட்டது. டூல்ஸ் பையைக் கொடுத்தாயிற்று. வண்டிச் சாவியும் கொடுத்தாயிற்று.

"வேற ஏதாச்சும் இருக்காண்ணே?" என்று ஸ்பேனர் கேட்டான்.

"எல்லாம் குடுத்துட்டேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் செத்துட்டேன்னு வச்சுக்க."

ஒன்றைக் கொடுக்கவில்லை. அவன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைச் சாவி. லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற சாவி அது. மற்ற கட்டடங்களுக்கெல்லாம் பொதுவான சாவி ஒன்று டூல்ஸ் பையிலேயே கிடக்கும். பச்சைக் கட்டடத்து லிஃப்ட் மட்டும் பழைய காலத்துச் சாமான். அதன் சாவி வேறு. இன்னொன்று எப்போதோ தொலைந்துபோனதிலிருந்து, இதையும் தொலைத்துவிடுவோமோ என்று கழுத்தில் போட்டுக்கொண்டான். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. போட்டுப் போட்டு, உடம்பில் அது இருப்பதே மறந்துவிட்டது.

அந்தப் பச்சைக் கட்டடத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. லிஃப்டின் கதவுப் பூட்டு தேய்ந்து, சில சமயம் உள்ளேயிருந்து திறக்காமல் அடம்பிடிக்கும். புதுப் பூட்டு போன வாரமே வந்துவிட்டது. மாட்டுவதற்கு ஒரு சாயங்காலம் போதும். அந்தச் சாயங்காலம்தான் கடைசி நீண்ட பயிற்சி. பந்தயம் முடியட்டும், மாட்டிக்கொள்ளலாம் என்று பூட்டை அலமாரியில் வைத்துவிட்டு ஓடப் போய்விட்டான்.

பச்சைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில்தான் அவன் மனைவியின் அக்கா வீடு.

*

கொடி அசைத்ததும் எல்லோரும் பறந்தார்கள். அவன் நிதானமாகவே போனான். பையையும் தன் போனையும் மைதானத்திலேயே ஒப்படைத்திருந்தான். இடுப்பில் ஒன்றும் இல்லாமல், பாக்கெட்டில் ஒன்றும் துடிக்காமல் ஒரு காலைப்பொழுது. முதல் இரண்டு கிலோமீட்டர் அது சுகமாக இருந்தது. பிறகு, தூரத்தில் எவர் போன் அடித்தாலும் தன் தொடையைத் தடவிப் பார்த்தான்.

வெயில் இன்னும் வரவில்லை. கடைகள் திறக்கவில்லை. பக்கத்தில் ஓடிய பருமனான மனிதர் பேக்கரி வைத்திருப்பவராம். மூச்சு வாங்கிக்கொண்டே கதை சொன்னார்.

"வீட்ல யாரும் வரலீங்க. கடைசில வந்து நிக்க ஆளு இருக்கா உங்களுக்கு?"

"இருக்காங்க. பொண்டாட்டியும் பொண்ணும்."

"குடுத்து வச்சவரு," என்று சொல்லிவிட்டு அவர் பின்தங்கிப் போனார்.

அதைக் கேட்டதும் அவனுக்குக் கால் லேசாயிற்று. உண்மையிலேயே கொடுத்து வைத்தவன்தானோ என்றுகூடத் தோன்றியது. வாலு ஒரு பெரிய சார்ட் பேப்பரில் என்னவோ வரைந்து வைத்திருக்கிறாளாம். போனில் எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் அவள் அம்மா நிற்பாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்பதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பதினைந்தாவது கிலோமீட்டரில் முழங்கால் பேச ஆரம்பித்தது. பதினாறில் திட்டவே தொடங்கிவிட்டது. நடக்கலாமா என்று ஆசை வந்தது. நடந்தால் உட்காருவோம், உட்கார்ந்தால் அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இழுத்துக்கொண்டு போனான். பத்தொன்பது தாண்டியதும் பாலம். ஏறி இறங்கினால் தண்ணீர் மேசை. அதற்கப்புறம் நேர் ரோடு, மைதானம்.

பாலம் இறங்கும் இடத்தில், தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில், பைக்கை நிறுத்திவிட்டு ஸ்பேனர் நின்றுகொண்டிருந்தான்.

உற்சாகப்படுத்த வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். கையைத் தூக்கப் போனான். ஸ்பேனரின் முகத்தைப் பார்த்ததும் கை பாதியிலேயே நின்றது.

"அண்ணே, ஓடுங்க, நிக்காதீங்க. நானும் கூடவே வரேன்," என்று பக்கத்தில் ஓடி வந்தான் ஸ்பேனர். "அந்தச் சாவி மட்டும் குடுத்துடுங்க."

"எந்தச் சாவி?"

கேட்கும்போதே கை கழுத்துக்குப் போய்விட்டது.

"பச்சைக் கட்டடம். லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. மேல போயி மோட்டாரக் கையால சுத்தி லிஃப்ட மாடிக்கு நேராக் கொண்டாந்துட்டேன். பூட்டு விட மாட்டேங்குது. தீயணைப்புக்காரங்கள வரச்சொன்னா கதவ உடைப்பாங்க. அப்புறம் புதுப் பூட்டு ஏன் மாட்டலைன்னு கம்பெனில கேப்பாங்க. உங்க தலைதான் உருளும். அதான் ரோடெல்லாம் அடைச்சிருந்தாலும் சந்துபொந்து வழியா வந்துட்டேன்."

கயிறு வேர்வையில் ஊறி, கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தலைவழியாகக் கழற்றினான். ஸ்பேனர் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டவன் உடனே திரும்பவில்லை. இன்னும் நாலு எட்டு கூடவே ஓடிவந்தான், இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

அந்த நாலு எட்டில் ஒரு கேள்வி இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒவ்வொரு முறை போன் வரும்போதும் அவன் முதலில் கேட்கிற கேள்வி அது. உள்ளே யாரு? வயசானவங்களா, குழந்தைங்க இருக்கா, எத்தனை பேரு? அதைக் கேட்காமல் அவன் டூல்ஸ் பையைத் தொட்டதே கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஸ்பேனருக்கு அவன் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் அதுதான்.

கேட்டால் நிற்க வேண்டி வரும்.

"நான் போகட்டுமாண்ணே?" என்றான் ஸ்பேனர்.

"போ," என்றான் லிஃப்ட்காரன். "சீக்கிரம் போ."

*

நேர் ரோடு. இரண்டு பக்கமும் ஆட்கள் கை தட்டினார்கள். அவன் காதில் ஒன்றும் விழவில்லை.

மனதுக்குள் ஒரு பெரிய வழக்கே நடந்தது. அந்தக் கட்டடத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறது, உள்ளே அவளும் வாலுவுமாகவா இருக்கப்போகிறார்கள்? அவர்கள் எப்போதோ கிளம்பி வந்திருப்பார்கள். அவள் எங்கேயும் நேரத்தோடு கிளம்புகிறவள். பத்து நிமிஷம் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டு, இவன் வரவில்லையே என்று வாசலைப் பார்த்தே வாழ்ந்தவள். இந்நேரம் மைதானத்தில்தான் இருப்பாள்.

ஸ்பேனர் மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன். இன்று ஏன் 'எத்தனை பேர்' என்று அவனாகவே சொல்லவில்லை?

திரும்பு என்றது ஒரு மனது. ஒன்றரை கிலோமீட்டர்தான், முடித்துவிட்டுப் போ என்றது இன்னொன்று. சாவிதான் போய்விட்டதே, நீ போய் என்ன கிழிக்கப்போகிறாய், ஸ்பேனர் திறக்க மாட்டானா என்றது அதுவே. பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. தனக்கே தெரியும்படி ஒருவன் தன்னை ஏமாற்றிக்கொள்வது இலேசான காரியமில்லை. அன்று அதைச் செய்துகொண்டே அவன் ஓடவும் செய்தான்.

ஆக, முடித்தான். ஒரு பெண் பதக்கத்தை அவன் கழுத்தில் போட்டாள். சாவி இருந்த இடத்தில் அது கிடந்தது, அதைவிடக் கனமாக.

அவன் ஆட்களைப் பார்த்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறையக் குடும்பங்கள். தோளில் உட்கார்ந்த குழந்தைகள், அட்டைகள், பூங்கொத்துகள். ஒரு முறை பார்த்தான். மைதானத்தைச் சுற்றி வந்து இன்னொரு முறை பார்த்தான். பேக்கரிக்காரர்கூட வந்து சேர்ந்துவிட்டார், அவருக்கே எவரோ தண்ணீர் நீட்டினார்கள்.

பையை வாங்கிப் போனை எடுத்தான். ஒரு அழைப்புகூட வந்திருக்கவில்லை. அவளுக்கு அவனைக் கூப்பிட வேண்டும் என்றே தோன்றவில்லை.

மைதானத்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். எழுந்து போக வேண்டும் என்று நினைத்தான். கால் ஒத்துழைக்கவில்லை.

*

அவர்கள் நடந்தே வந்தார்கள். ரோடு அடைத்திருந்ததால் ஸ்பேனர் பைக்கைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான்.

வாலுவின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கிரீஸ். முட்டியிலும் கறுப்பு. கையில் அந்தச் சார்ட் பேப்பர். அதை நெருக்கி நெருக்கி மடித்து விசிறியாக்கியிருந்தார்கள். மடிப்புக்கு நடுவே பச்சை எழுத்தில் 'அப்பா' மட்டும் தெரிந்தது. மனைவியின் முகம் வேர்த்துக் கழுவினாற்போல் இருந்தது. நெற்றி முடி ஈரத்தில் ஒட்டியிருந்தது. லிஃப்டில் விளக்கும் போய்விட்டது, காற்றாடியும் போய்விட்டது என்று எவரும் சொல்லாமலேயே அவனுக்குத் தெரிந்தது.

"முடிச்சிட்டியாப்பா?" என்று கேட்டாள் வாலு.

"முடிச்சிட்டேன்டா."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் தலையை ஆட்டினாள். பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருந்த இடத்தில் இருக்காத பிள்ளை, ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"உள்ள நீங்கதான்னு..." என்று தொடங்கினான் அவன்.

"நான்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன்," என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. "ஸ்பேனர் கதவுக்கு வெளியில நின்னு, அண்ணன உடனே கூட்டிட்டு வரேன்னான். வேணாம், சாவிய மட்டும் வாங்கிட்டு வா, இன்னைக்காச்சும் அவரு ஒண்ண முடிக்கட்டும்னேன். அவரா கேட்டா மட்டும் சொல்லுன்னேன்."

ஸ்பேனர் குனிந்து பைக் செயினை ஆராய்ந்துகொண்டிருந்தான். செயினுக்கு ஒரு கேடும் இல்லை.

"இருட்டுல இவ அழுதா. அப்பா கேப்பாரு, கேட்டதும் ஓடி வந்துடுவாருன்னு நான்தான் சமாதானம் சொன்னேன். வந்து கதவத் தெறந்தது ஸ்பேனர். அவரு கேட்டாரான்னேன். அவன் வாயத் தெறக்கல."

"அந்தப் பூட்ட நான் போன வாரமே மாட்டியிருக்கணும். தப்பு என்னோடது."

"தெரியும். பூட்டு கெடக்கட்டும்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரோ ஒருத்தர் மாட்டிக்கிட்டாருன்னு போன் வந்தா, நீங்க எங்கள விட்டுட்டு ஓடுவீங்க. எனக்கு எரியும். ஆனா மனசுக்குள்ள ஒரு மூலைல பெருமையாவும் இருக்கும். யாருன்னே தெரியாதவங்களுக்காக இப்படி ஓடுற மனுஷன்னு. உங்ககிட்ட சொன்னதில்ல. இவ்ளோ நாள் நான் அத வச்சுத்தான் ஓட்டினேன்."

பாதியில் விட்டு ஓடியதற்கு மன்னிப்புக் கேட்க ஆயிரம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். ஓடி முடித்ததற்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

"உங்க பக்கமும் நியாயம் இருக்கு. நாங்கதான முடிக்கச் சொன்னோம்," என்று அவளே சொன்னாள். அது அவனை இன்னும் நொறுக்கியது.

பதக்கத்தைக் கழற்றி மகளுக்குப் போடலாம் என்று குனிந்தான். அப்போதுதான் பார்த்தான். வாலுவின் கழுத்தில் கறுப்புக் கயிறு. கிரீஸ் படிந்த சட்டைமேல் பித்தளைச் சாவி.

"ஸ்பேனர் மாமா குடுத்தாரு," என்றாள் அவன் பார்ப்பதைப் பார்த்து.

"அழுதுட்டே இருந்துச்சுண்ணே, அதான்," என்றான் ஸ்பேனர் செயினிலிருந்து தலை தூக்காமலே.

"குடு கண்ணு. அது அப்பா வேலைக்கு வேணும்."

வாலு சாவிமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். அடம்பிடிக்கிற முகம் இல்லை. நிதானமாக யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"எங்கிட்டயே இருக்கட்டும்பா. இன்னொரு தடவை மாட்டிக்கிட்டா நாங்க யாரைத் தேடுறது?"

கடைசியாக ஓடிவந்த எவருக்கோ மைதானத்தில் கை தட்டினார்கள்.

மனைவி மகளின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். இரண்டடி போனவள் நின்றாள்.

"நாளைக்குக் காலைல அந்த ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்ணணும். அதுக்கு முன்னால பூட்ட வந்து மாட்டிட்டுப் போங்க. மேல வயசானவங்க இருக்காங்க."

"போன்ல என்ன சொல்லப்போற?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "இப்ப கேக்குறீங்க," என்றாள்.

அவர்கள் போனார்கள். வாலு ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். விசிறியைத் தூக்கி அசைத்தாளா, வெயிலுக்கு மறைத்தாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

ஸ்பேனர் பக்கத்தில் வந்து நின்றான். "காலைல நானும் வரேண்ணே. சீக்கிரமே போயிடலாம். அந்தக் கதவத் தெறந்தாதான பழைய பூட்டக் கழட்ட முடியும்."

"ஆமா."

"சாவி?"

லிஃப்ட்காரன் கழுத்தில் கை வைத்தான், பதக்கம் தட்டுப்பட்டது. ரோட்டில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சாவியும் கழுத்துமாக வாலு போய்க்கொண்டிருந்தாள்.